மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு ஜாஸ் கச்சேரியும்

திருப்பதியில் அந்த அரங்கத்தின் வாசலில் என்னிடமிருந்து மூன்று எலுமிச்சம்பழங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சித்தூரில் பஸ் ஏறும்போதே தொடங்கிய கவலை அங்கே முற்றிவிட்டது.

"தினேவி லோபலிக்கி அலோ லேது சார்," என்றார் காவலாளி. தின்பண்டம் உள்ளே போகக்கூடாதாம்.

"எலுமிச்சம்பழத்த யாருய்யா துன்னுவாங்க?"

அவர் பழங்களை ஒரு தட்டில் போட்டார். தட்டில் ஏற்கெனவே நான்கு பிஸ்கட் பொட்டலங்களும் ஒரு முறுக்குப் பையும் இருந்தன.

பழம் எதற்கென்றால், என் மனைவியின் தம்பி பம்பைக்காரன். பம்பை என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கும் இரட்டை மேளம். நகரிப் பக்கத்தில் அம்மன் திருவிழா என்றால் அதுதான். வேகம் ஏறினால் கூட்டத்தில் யாருக்காவது சாமி வரும். யாருக்காவது என்ன, என் மனைவிக்கு வரும். கல்யாணமான பிறகு இதுவரை பதினாறு முறை. அப்போது தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, அடியை மெல்ல மெல்ல இறக்கி, அம்மனை அனுப்பிவைக்க வேண்டும். அதுவரை பம்பைக்காரன் குச்சியைக் கீழே வைக்கக்கூடாது. ஊர்க் கட்டு அப்படி. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இதை நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். பழம் மட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

கச்சேரி பெங்களூர்க்காரர்களுடையது. பல தேசத்து வாத்தியங்களைக் கலந்து வாசிக்கும் ஜாஸ் குழு. அதன் தலைவி, சாக்ஸபோன் வாசிக்கும் பெண், மச்சானிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "உங்களுக்கு நாலு நிமிஷம். நான் கையை இறக்கினதும் நிறுத்திடணும். சரியா வந்தா எங்ககூடவே ஊர் ஊரா வரலாம்." மச்சானுக்கு ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் தினக்கூலி. கச்சேரிக்கு லீவு கேட்டபோது மேஸ்திரி, போனால் அப்படியே போய்விடு என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த நாலு நிமிஷத்தை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"அக்காவ இட்டுக்கினு வராத மாமா," என்று போனில் கெஞ்சினான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஏன்டா, கோயிலா கொடியா? ஏசி ஹாலுல எனக்கு இன்னாடா வரப்போவுது?" என்றாள் அவன் அக்கா. வந்தும் விட்டாள்.

மேடையில் எட்டுப் பேர், பதினொரு வாத்தியங்கள். ஆப்பிரிக்க மத்தளம் ஒன்று, பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போன்ற அரபுத் தந்தி வாத்தியம் ஒன்று. ஒருவர் வாசித்துக்கொண்டே எங்கேயோ போவார். மற்றவர்கள் அவர் திரும்பி வரும்வரை காத்திருப்பார்கள். தொடையில் தட்டித் தாளம் எண்ணினேன். ஐந்து வந்தது, பிறகு ஏழு, பிறகு விட்டுப்போனது.

"எப்போ ஆரம்பிப்பாங்க?" என்றாள் மனைவி.

"ஆரம்பிச்சு இருவது நிமிசம் ஆவுது."

பம்பை முழங்கியது. மச்சான் நன்றாகவே அடித்தான். அதுதான் வம்பு. மனைவியின் கால் கட்டைவிரல் ஆடியது, பிறகு தோள்.

"வேணாம். பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு," என்றேன். "பதிமூணு ரெண்டு?"

"இருவத்தாறு."

பதிமூணு மூணுக்கு அவள் வரவில்லை. கொண்டை அவிழ்ந்தது. எழுந்து நடைபாதையில் ஆட ஆரம்பித்துவிட்டாள்.

அதே நேரம் தலைவி கையை இறக்கினார். மச்சான் அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அடித்துக்கொண்டே இருந்தான். அவர் மறுபடி இறக்கினார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். போச்சு, பட்டறையும் போச்சு, பெங்களூரும் போச்சு என்று நினைத்தேன்.

அம்மன் என் பக்கம் திரும்பினாள். "டேய்! இன்னாடா எண்ணிக்கினே கீற?"

கைகூப்பி எழுந்தேன். "ஒண்ணுமில்ல தாயே."

"எம்பொண்ணு ஊத்தற தோசைய இன்னும் எத்தினி வருசத்துக்குடா எண்ணிக்கினு இருப்ப?"

ஒரு வரிசை முழுக்கச் சிரித்தது. "இனிமே எண்ணமாட்டேன் தாயே," என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து காவலாளி ஓடிவந்தார், கையில் என் பழங்கள். "பம்பை சப்தம் வின்னப்புடே தெலிசிந்தி சார்!" பம்பைச் சத்தம் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டதாம்.

தலையில் பழத்தைத் தேய்த்தேன். மச்சான் அடியை இறக்கினான். என்ன நடக்கிறது என்று தலைவிக்குத் தெரிந்ததோ இல்லையோ, சாக்ஸபோனை எடுத்து அவன் பின்னாலேயே தணிவாக வந்தார். ஆப்பிரிக்க மத்தளம் சேர்ந்தது, அரபுத் தந்திக்காரர் சேர்ந்தார். எல்லோருமாக அவளைப் படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கடைசியாகப் பம்பையில் ஒரே ஒரு அடி.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

மேடைக்குப் பின்னால் தலைவி கேட்டார்: "நான் கையை இறக்கினதைப் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். அம்மா வந்து நிக்கும்போது நிறுத்தக்கூடாதுங்க. நீங்க வேணான்னாலும் பரவால்ல."

அவர் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தார். "அந்தப் பாட்டை எப்படி முடிக்கறதுன்னு எங்களுக்கு இதுவரைக்கும் தெரிஞ்சதே இல்ல," என்றார். "இனிமே எல்லா ஊர்லயும் இப்படியே முடிப்போம். நாளைக்கே கிளம்புங்க."

பஸ்ஸில் மனைவி தனக்கு எதுவுமே நினைவில்லை என்றாள்.

"அந்தத் தோசை விசயம்..."

"எந்தத் தோசை?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் என் தட்டில் வழக்கத்தைவிட ஒன்று குறைவாக விழுந்தது போலிருந்தது. கேட்க வழியில்லை.