ஒலி எழுப்பவும்

மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்ததோடு பழைய மலைச்சாலையின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லாரியும் பஸ்ஸும் கீழ் வழியாகப் போய்விட்டன. பழைய சாலையின் இரு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை இறக்கி வைத்தார்கள். நடுவில் விட்ட சந்தில் ஒரு சைக்கிள் நுழையலாம், அதைவிடப் பெரியது எதுவும் நுழையாது. தார் விரிசல்களில் புல் முளைத்தது. வளைவுக்கு வளைவு நின்ற 'ஒலி எழுப்பவும்' பலகைகளைக் கழற்ற மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒலி எழுப்ப ஒரு வண்டியும் இல்லாத சாலையில் அவை துருப்பிடித்த முகத்தோடு அதிகாரம் செய்துகொண்டிருந்தன.

அந்தப் பலகைகளுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் ஹாரன் அக்கா.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது யாரென்று தெரியாது. அவளுடைய கொழுந்தன் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தான். சுரங்கம் வந்ததும் சாலையோரக் கடைக்காரர்கள் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, அவன் மட்டும் அந்தக் காலிச் சாலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வண்டித் தொல்லையே இல்லாத மலைப்பாதை. ஒரு நாள் ஏறி, உச்சியில் தங்கி, மறுநாள் இறங்கலாம் என்று போனில் விளம்பரம் போட்டான். நகரத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்னால் வழிகாட்டிக்கொண்டு அவன் போவான். எல்லோருக்கும் பின்னால் அண்ணி வருவாள். கடைசியில் வருகிறவருக்கு ஒரே சட்டம், யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் தானும் உட்கார வேண்டும், இறங்கித் தள்ளினால் தானும் தள்ள வேண்டும்.

அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. காலையில் கொட்டகையில் ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பாள். பிரேக் கட்டை எங்கே உரசுகிறது, எந்த ஸ்போக் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து முடுக்குவாள். பம்பும் பஞ்சர் டப்பாவும் அவள் கேரியரில்தான் போகும். "இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்ச பிடியா பிடிக்காதீங்க, விட்டு விட்டுப் பிடிங்க" என்று எல்லோரிடமும் சொல்வாள். வாய் ஓயாத மனுஷி. அவள் சொல்கிற கதைகளைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று மெதுவாக ஓட்டிப் பின்தங்கியவர்கள் உண்டு.

இத்தனை நல்ல குணத்துக்கும் சேர்த்து ஒரு தொல்லை. கண்ணுக்கு மறைவான வளைவு வந்தால் போதும், "வண்டீ...!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். எதிர் மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டுவார்கள். ஒரு ஆட்டுக்குட்டிகூட வராது.

போன குழுவில் வந்த ஒருவர் போனில் எழுதிவிட்டார்: 'பாதை அமைதி, கடைசியில் வரும் அம்மாதான் அமைதியில்லை.' சாயங்காலம் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கொழுந்தன் பேச்சை எடுத்தான்.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிற மாதிரி ஏதோ சொல்லப்போறேன்னு தெரியுது. சொல்லு தம்பி."

"நாளைலேர்ந்து வளைவுல கத்த வேணாம்."

"பழக்கமாயிடுச்சுப்பா."

"சரி, பழக்கம்தான். ஆனா அவங்க வர்றதே அமைதிக்காக. வண்டியே வராத ரோட்டுல வண்டி வண்டின்னா சிரிக்க மாட்டாங்களா? முடியலேன்னா நீங்க கடையைப் பாத்துக்கோங்க. பின்னாடி வர வேற ஆள் போட்டுக்கலாம்."

"முடியும், கத்தல" என்று உடனே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கையிலிருந்த எண்ணெய்த் துணியை வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் உட்காருவது அவளால் ஆகாத காரியம். புருஷன் போன பிறகு சில வருடங்கள் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மலை ஏறி இறங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் என்று ஒன்று அவள் கண்ணை எட்டிப் பார்த்தது. வளைவுகளில் கூப்பிட்டுவிட்டு வந்தால்தான் அன்றைக்கு அவள் தூங்குவாள்.

அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் அந்தச் சாலையில் லாரிகள் சாரை சாரையாகப் போகும். அங்கே சைக்கிளில் இருவராக இறங்குகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. முன்னால் மிதிக்கிறவருக்குத் தரை, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழ் ரோடு. மிதிக்கிறவர் ஜல்லியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கேரியரில் இருப்பவர் கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, கீழே வண்டி தெரிந்தால் 'வண்டி' என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் குரல் கொடுத்தால் எதிரில் வருகிற லாரிக்காரனே வேகத்தைக் குறைத்துவிடுவான்.

அந்தக் குரலைத்தான் புருஷன் ஒருநாள் சொந்தக்காரர்கள் நடுவே கிண்டல் செய்தான். "எங்க வீட்ல கோழி கூவ வேண்டிய அவசியமே இல்ல, இவ எழுந்தா போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியா, இனி வாயே திறப்பதில்லை என்று வீம்பு பிடித்தாள். தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்தப் பேச்சில்லாத நாட்களில் ஒரு நாள்தான் இருவரும் டவுனுக்கு இறங்கினார்கள். பெரிய வளைவில் கீழே லாரி வருவதை அவள் பார்த்தாள். அவர் கண்ணிலும் லாரி பட்டிருக்கும், நாம் ஏன் முதலில் பேச வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு கணம்தான். அவளுக்குக் கை முறிந்தது. அவன் பிழைக்கவில்லை.

"நீ கூப்பிட்டிருப்பே, காத்துல அவன் காதுல விழுந்திருக்காது" என்று மாமியாரே அவள் தலையைத் தடவிச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அன்று ஆட்டிய தலையை அப்புறம் யார் முன்னாலும் அவளால் நிமிர்த்த முடியவில்லை. இனிமேல் உண்மையைச் சொல்லப்போய், 'உங்க வீம்புக்கு எங்க அண்ணனைக் குடுத்துட்டீங்களே' என்று கொழுந்தன் ஒரு சொல் சொல்லிவிட்டால்? ஒரே கூரையின் கீழ் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குப் பயந்தே இத்தனை வருடம் வாயை மூடியிருந்தாள்.

மறுநாள் ஒரு குழுவோடு ஏறி, உச்சியில் தங்கி, அதற்கடுத்த நாள் காலையில் இறங்கினார்கள். முதல் வளைவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதிலும் அப்படியே. முன்னால் போகிற சைக்கிள்களின் சக்கரம் கிடுகிடுவென்று ஓடுகிற சத்தம், பாலத்தடியில் ஓடை, அவ்வளவுதான். இந்தச் சாலை இவ்வளவு அமைதியானது என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தம்பி சொன்னது நியாயம்தான், காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இது கிடைக்கத்தான் வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பெரிய வளைவு வந்தது. வாய் மூடியிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் மூடியிருந்தது. கால் மிதியைத் தேடியது, கிடைக்கவில்லை. வளைவுக்கு இந்தப் பக்கமே இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் வருபவள் நின்றால் பார்க்கப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கீழே ஆட்களை நிறுத்தித் தலை எண்ணிப் பார்த்த கொழுந்தன் திரும்ப மேலே ஏறி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணி, பஞ்சரா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"உடம்புக்கு முடியலையா?"

"தம்பி, அன்னைக்கு நான் கூப்பிடல. லாரியைப் பாத்தேன். பாத்துட்டும் கூப்பிடல. வீம்பு."

சொல்லிவிட்டு, வரப்போகிற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அவளுக்குச் சற்றுத் தள்ளி சுவரில் உட்கார்ந்தான்.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"நீங்க கூப்பிட்டா மலைக்கே கேக்கும். லாரிக்காரர் ஒரு சத்தமும் கேக்கலன்னு சொன்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்காம இருந்தே?"

அவன் கைகளைப் பிசைந்தான். "கேட்டா நானும் ஒண்ணு சொல்லணுமே. அன்னைக்கு நீங்க பஸ்லதான் போறதா இருந்தீங்க. கடைசி நேரத்துல அண்ணன் சைக்கிளை எடுத்தாரு. ஏன்னு கேட்டேன். 'உங்க அண்ணி வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா. பஸ்ல போனா ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்துடுவா. சைக்கிள்னா வளைவுல வாயைத் திறந்துதானே ஆகணும்'னாரு. நானும் சேந்து சிரிச்சேன். டயருக்குக் காத்து அடிச்சுக் குடுத்ததே நான்தான். இதை எப்படி உங்ககிட்ட சொல்றது?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு அண்ணி."

"கோவமா இல்லையா?"

"அண்ணனுக்கு எப்ப உங்க மேல கோவம் வந்திருக்கு?"

கோபத்தோடு போனவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்து வாழ்ந்திருந்தாள். அதற்கு மனசைக் கல்லாக்கிப் பழகியும் இருந்தாள். தன் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு, சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். கொழுந்தன் அழாதீங்க என்று சொல்லவில்லை. அவனும் அழுதான்.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எப்பவும் போல கத்துங்க அண்ணி. பிடிக்காதவங்க வேற மலை பாத்துப் போகட்டும். நான் கீழ நிக்கிறேன், மெதுவா வாங்க." அவன் சைக்கிளில் ஏறி வளைவில் மறைந்தான்.

அவள் சைக்கிளில் ஏறினாள். வளைவில் திரும்பும்போது வாயைத் திறந்தாள். வண்டி என்ற சொல் வரவில்லை. மலைக்குக் கேட்கிற குரலும் வரவில்லை. முன்னால் உட்கார்ந்து மிதிக்கிறவனுக்கு மட்டும் கேட்கும்படி, "ஏங்க" என்றாள்.