கறுப்புப் பொட்டு வைத்த கார்டு

எனக்குப் பெரிய மெமரி கார்டு என்றாலே பயம். ஒரு கல்யாணம் முழுவதையும் தபால்தலை அளவு பிளாஸ்டிக் துண்டில் ஏற்றிவைத்து, அது படுத்துவிட்டால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? அதனால் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவேன். புதிய கேமரா வாங்கியபோது கடைக்காரர், "மேடம், பழைய கேமராவுல மூணு படம் புடிக்கிற எடத்த இதுல ஒரே படம் தின்னுடும். பெருசே பேக்கு, பெருசுதான் வேணும்" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். கார்டு விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

என் கார்டுகளில் ஒன்றின்மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தேன். அது சாவு வீட்டுக்கு மட்டும். நான் குடியிருக்கும் பிரேசர் டவுனில் கிறிஸ்தவ வீடுகளில் ஒருவர் போய்விட்டால், பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமே. அந்தக் கார்டில் கல்யாணத்தை எடுக்கமாட்டேன். யாராவது கேட்டால் நானே சிரிப்பேன், ஆனால் எடுக்கமாட்டேன்.

அன்றைக்கு ஹெப்பகோடியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். முந்தின நாள் மதியம்தான் எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் அடக்கத்தைப் படமெடுத்திருந்தேன். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தபோது கரண்ட் போனது. காலையில் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பையில் கல்யாணத்துக்கு இரண்டு கார்டு, அவற்றோடு பொட்டு வைத்ததும் இருந்தது. பழைய கேமராக் கணக்கில் இரண்டே தாராளம்.

முதல் கார்டு நலங்கிலேயே நிரம்பியது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குவதற்குச் சில நிமிடம் முன்பு இரண்டாவது கார்டும் நிரம்பி, கேமரா படமெடுக்க மறுத்தது. திரையில் மீதிப் படக் கணக்கு பூஜ்யம். மேடையில் நின்றபடி பழைய படங்களை அழித்து இடம் பண்ணலாம்தான். ஆனால் அந்த அவசரத்தில் ஒரு பொத்தான் தவறினால் காலையிலிருந்து எடுத்ததெல்லாம் போய்விடும். ஐயர் மந்திரத்தை வேகப்படுத்தினார். வேறு வழியில்லாமல் பொட்டு வைத்த கார்டைச் செருகினேன். அதிலும் இன்னும் ஐந்தே படத்துக்குத்தான் இடம் என்றது. எல்லா விவரத்தையும் வைத்துக்கொள்ளும் பெரிய ரா ஃபைலை நிறுத்திவிட்டு, சின்ன ஜேபெக்குக்கு மாற்றினேன். ஐந்து, அறுபதுக்கு மேலானது. கெட்டிமேளம் கொட்டியது. முடிச்சு விழும் வரை ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதும் நன்றாக வந்திருந்தன.

மூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கினால், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கணவர் இல்லாதவர் என்பதால் தாரை வார்த்துக் கொடுத்தது பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும். இவர் மேடைப் பக்கமே வரவில்லை.

"கண்ணு, தாலி கட்டுனது வந்துச்சா? இங்கருந்து எனக்கு வெறும் தலையாத்தான் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ காட்டு" என்றார்.

எப்படி மறுப்பது? காட்டினேன். நான் தள்ளிக் காட்டுகிறேன் என்று சொல்வதற்குள் கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எந்தப் பொத்தான் என்று ஒரு தரம் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பின்னால் போனார். ஒன்பது, எட்டு, ஏழு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்றுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டினால் அடக்கத்துப் படம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலேயே நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதல் படம் வந்ததும், "அவ்ளோதாம்மா, இனி அந்தப் பக்கமா வாங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.

அவர் அந்தப் பக்கமாகவே வந்தார். மகள் தலை குனிந்த படத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிப் படமும் வந்தது. இன்னொன்று இருக்குமோ என்று மறுபடி அமுக்கினார். கடைசிப் படத்தைத் தாண்டினால் கேமரா சுற்றிக்கொண்டு கார்டின் முதல் படத்துக்குப் போய்விடும். பின்பக்கம் காவல் காத்த எனக்கு அது அந்த நேரத்தில் நினைவே வரவில்லை.

திரை நிறைய அந்தப் பெரியவரின் முகம். மூக்கில் பஞ்சு, விரல்களில் வெள்ளைக் கையுறை, மார்பில் சிலுவை.

அந்தம்மா கத்தப்போகிறார், மண்டபமே திரும்பப்போகிறது என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. முதலில் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு திரையை உள்ளங்கையால் மூடினார்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்றார்.

"இல்லம்மா. தப்பு என்னோடது. நேத்து எடுத்த படம், அதே கார்டப் போட்டுட்டேன்."

அவர் காதில் அது ஏறவில்லை. "நான் தொட்டதாலதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. காலைலருந்து ஒதுங்கிதான் நிக்கிறேன், ஆச அடங்காம வந்து தொட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு, எம் பொண்ணு அங்க போய் வாழணும்."

"அம்மா, சத்தியமா என் தப்பு."

"நீ எனக்காகச் சொல்ற" என்று கேமராவை என் கையில் திணித்துவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த முதல் எண்ணம், தப்பித்தேன் என்பதுதான். அதை மறைத்து எழுத முடியாது.

கொஞ்ச நேரத்தில் பெண் வீட்டுக் குரூப் போட்டோ. சித்தப்பா, சித்தி, அத்தைகள், குழந்தைகள் எல்லோரையும் நெருக்கி நிற்கவைத்தேன். மணப்பெண் மாலையை விலக்கிக்கொண்டு கூடத்தை ஒரு முறை தேடினாள். "அம்மா எங்க? அம்மாவ யாராச்சும் கூப்பிடுங்க" என்றாள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அவர் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேண்டாம் என்று எனக்கு மட்டும் தலையை ஆட்டினார். பன்னீர்ச் செம்போடு மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்திலேயே நின்றிருந்தார். கார்டு என்னுடையது, அந்தம்மாவின் கை எதையும் செய்யவில்லை என்று அங்கே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்ற பயத்தில் நாக்கு எழவில்லை.

"அம்மா பந்தியில வேலையா இருக்காங்க, அப்புறம் எடுத்துக்கலாம்" என்று மணப்பெண்ணுக்குப் பதில் சொன்னது நான்தான். அவள் நம்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.