டெலானிக்கு ஒரு மார்புக் கவசம்

ரொண்டா குபிசெக் எதையாவது சட்டென்று முடிவு செய்தாள் என்று சொல்லக்கூடியவர்கள் செடார் ஃபோர்க் ஊரில் ஒருவரும் இல்லை. டாரல் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அம்மா சரி என்றதும் அக்காவைக் கேட்டாள். அக்காவும் சரி என்றதும் பங்குச் சாமியாரிடம் போனாள். "இன்னும் யாரு பாக்கி, தபால்காரரா?" என்று டாரல் கேட்ட பிறகுதான் தலையாட்டினாள். சமையலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்து, கடைசியில் இரண்டு சுவருக்கு மஞ்சளும் இரண்டு சுவருக்குப் பச்சையும் அடித்தாள். ரொட்டிக்கடையில் மட்டும் அவளுக்குத் தொல்லை இல்லை. கோலாச்சி பன்னுக்குள் இன்றைக்குக் கசகசாவா ஆப்ரிகாட்டா என்பதை முதலாளியம்மா சொல்லிவிடுவாள். இவள் மாவைப் பிசைந்து குழி பறித்து நிரப்பினால் போதும். அந்த வேலையில் அவளை அடிக்க நெப்ராஸ்காவிலேயே ஆள் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள்.

அவளுக்கு ஒரே பிள்ளை, டெலானி. வெகுகாலம் ஜெபம் பண்ணி, இனி இல்லை என்று டாக்டர்கள் கைவிட்ட பிறகு வந்தவள். பிறந்த அன்றே நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் முகத்தைச் சுளித்தார். இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை என்றார். பிள்ளை நடக்க ஆரம்பிக்கும் முன்னே அது தானாக மூடிக்கொண்டது. "இனி மத்தப் பிள்ளைங்க மாதிரிதான், ஓடட்டும், ஆடட்டும்" என்றும் சொல்லிவிட்டார். ரொண்டாவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள். ஆனாலும் தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை.

அந்த டெலானிதான் இந்த வருஷம் பையன்களின் பேஸ்பால் அணியில் கேட்சராக உட்காரப் போகிறேன் என்று வந்து நின்றாள். மட்டையடிக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் குந்தி, எறிகிற பந்தையெல்லாம் வாங்குகிற வேலை. பழைய கேட்சரின் குடும்பம் கான்ஸஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

"உன்னை யாருடி அங்க உக்காரச் சொன்னது?" என்றாள் ரொண்டா.

"நானாத்தான் உக்காந்தேன். அங்கேருந்துதாம்மா எல்லாரையும் பாக்க முடியும். எல்லாரையும் திட்டவும் முடியும்."

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாத நாள். பங்கு மண்டபத்தில் வழக்கம்போல மீன் பொரிக்கிறார்கள். அங்கே போனால் யாராவது வழி சொல்வார்கள் என்று ரொண்டா நினைத்தாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு. அந்த மண்டபத்தில் பேஸ்பாலைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத ஆளே கிடையாது.

எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்ற கோச் வெர்ன் பாலிக் கரண்டியை ஆட்டிக்கொண்டு பேசினார். "தலைக்கு ஒண்ணு, மாருக்கு ஒண்ணு, காலுக்கு ரெண்டு. வேற என்ன? பத்து வயசுன்னு சொன்னா கடைக்காரனே எடுத்துக் குடுப்பான்."

"பத்து வயசு அளவு எதுக்கு?" என்றான் டாரல், வாயில் மீனோடு. "பன்னெண்டு வயசுக்கு வாங்கு. குளிருக்குப் போடற கோட்டெல்லாம் அப்படித்தானே வாங்கறோம். வளந்துடுவா."

"அது கோட்டு இல்லடா. பெருசா இருந்தா பந்து உள்ள பூந்துரும்."

"சின்னதா இருந்தா?"

"சின்னதா இருந்தா வெளிய படும்."

"ரெண்டுலயும் அடிபடுமே வெர்ன்" என்றாள் ரொண்டா. உருளைக்கிழங்குத் தட்டு அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டாரலின் தங்கை டீனா வந்து சேர்ந்தாள். பள்ளியில் படித்த காலத்தில் சாஃப்ட்பால் அணிக்குக் கேட்சராக இருந்தவள். அவள் மகளும் அப்படியே. "கடைக்கா? காசை எதுக்குக் கரியாக்கற? என் பொண்ணோடது வண்டியிலயே கெடக்கு. ரெண்டு சீசன்தான் போட்டா. புதுசு மாதிரி இருக்கு, ஊதாக் கலரு!" என்று சொல்லி ஓடிப்போய்ப் பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். மேசை மேல் கொட்டினாள். தலைக்கவசம், முகக்கம்பி, மார்புக் கவசம், கால் கவசங்கள் எல்லாம் மீன் தட்டுகளுக்கு நடுவே ஊதாவாகக் கிடந்தன.

"இது போதுமா வெர்ன்?"

"பேடுன்னா பேடுதான். நல்லாத்தான் இருக்கு" என்றார் கோச், மீனைத் திருப்பிப் போட்டபடி.

செடார் ஃபோர்க்கில் பெண்பிள்ளை என்றால் சாஃப்ட்பால். பேஸ்பாலைப் போலத்தான், ஆனால் பந்து பெரிது, கையைத் தாழ்த்தி எறிவார்கள். ஏரிக்கரை மைதானம் அவர்களுக்கு, ரயில்பாதை மைதானம் பையன்களுக்கு. காலங்காலமாக அப்படியே நடப்பதால், பெண்பிள்ளைக்குக் கவசம் என்றதும் பெண்பிள்ளைகளின் கவசம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. டெலானி ஆடப் போவது அந்த ஆட்டம் இல்லை என்பது அத்தனை பேர் இருந்தும் ஒருவர் புத்தியிலும் தட்டவில்லை. கோச்சுக்குக்கூட.

வீட்டுக்கு வந்து டெலானியைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் போட்டுப் பார்த்தார்கள். கால் கவசத்தின் கொக்கிகளை டாரல் உள்பக்கமாக மாட்டினான். இரண்டு காலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, பிள்ளை மாவு மூட்டை மாதிரி விழுந்தாள். மாற்றி மாட்டினார்கள். தோள்பட்டையை என்ன செய்வது என்று டீனாவுக்கு ரொண்டா போன் போட்டாள். தளர்த்திவிடு என்றாள் அவள். கோச்சுக்குப் போட்டாள். நல்லா இறுக்கு என்றார் அவர். யார் மனதையும் நோகடிக்க வேண்டாமென்று இடது பட்டையைத் தளர்த்தி, வலது பட்டையை இறுக்கினாள்.

"அம்மா, நான் கோணலா நிக்கறேன்" என்றாள் டெலானி.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு சாமியாரிடம் போனாள். இளவேனிலில் விதைச் சோளத்தை, டிராக்டரையெல்லாம் மந்திரிக்கிறவர்தானே. அவர் பைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தீர்த்தம் தெளிக்கறேன் ரொண்டா. அளவு சரியான்னு மட்டும் என்னைக் கேக்காதே. சின்ன வயசுல ஆட்டத்துக்கு ஆள் பிரிச்சா என்னைக் கடைசியாத்தான் எடுப்பாங்க."

அவர் தெளித்த நீர் ஊதாத் துணியில் முத்து முத்தாக நின்றது. ரொண்டா முழந்தாளிட்டாள். என்ன கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை. இது பிள்ளைக்குப் பொருந்தட்டும் என்று கேட்பதா? பொருந்தாமல் போய், இந்த வம்பே வேண்டாமென்று வீடு திரும்பட்டும் என்று கேட்பதா? இரண்டையும் கேட்டால் ஆண்டவருக்கும் குழப்பம்தானே. ஒன்றும் கேட்காமல் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அன்று மத்தியானம் ரயில்பாதை மைதானத்தில் காற்று காதைப் பிய்த்தது. எதிரணி பக்கத்து ஊர். ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் இரண்டு பக்கத்துக் கவசங்களையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெலானியின் மார்புக் கவசத்தை உள்ளும் புறமும் தடவினார். இன்னொரு தடவையும் தடவினார்.

"முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?" என்றார் வெர்ன்.

"நெஞ்சுல பந்து பட்டா இதயம் நின்னு போகாம தாங்கும்னு சோதிச்சுப் போடற முத்திரை. உள்பக்கம் இருக்கணும். இது சாஃப்ட்பால் கவசங்க. இதப் போட்டுக்கிட்டு இங்க குந்த விடமாட்டேன். லீக் சட்டம்."

இதயம் நின்று போகும் என்ற சொல் காதில் விழுந்ததும் ரொண்டா வேலியோரம் வந்தாள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பலகைப் படிகளில் உட்கார்ந்திருந்த டீனா எழுந்து நின்று கத்தினாள். "என் பொண்ணு ரெண்டு சீசன் போட்டாய்யா! ஒரு கீறல் இல்ல!"

"உங்க பொண்ணுக்கு எறிஞ்ச பந்து வேறம்மா" என்றார் அம்பயர், திரும்பிப் பார்க்காமல்.

வெர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டாரல் தரையைப் பார்த்தான். டெலானி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தலைக்கவசத்துக்குள் அவள் உதடு துடிப்பது கம்பி வழியே தெரிந்தது. ரொண்டாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதே நிமிஷத்தில், இறங்கிவிட்டதே என்று வெட்கமும் வந்தது. எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

எதிரணிக் கேட்சரின் அம்மா, சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட மார்லிஸ் என்பவள், மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். "ஏங்க, எதுக்கு இவ்வளவு பேச்சு? எங்க பையன் பிடிக்கும்போது உங்க பொண்ணு பேட்டிங் பக்கம். உங்க பொண்ணு பிடிக்கும்போது எங்க பையன் சும்மா உக்காந்து சூரியகாந்தி விதைதான் மென்னுக்கிட்டு இருப்பான். ஒரு கவசம் ரெண்டு பேருக்கும் போதாதா? மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும்."

அம்பயர் அவள் பையனின் கவசத்தை வாங்கி உள்ளே பார்த்தார். "முத்திரை இருக்கு. பொருந்துதான்னு இவங்க அம்மா சொல்லணும். சரின்னா சரி, இல்லன்னா இல்ல."

டெலானி அதை மாட்டிக்கொண்டு நின்றாள். எல்லாத் தலையும் ரொண்டா பக்கம் திரும்பியது. "சரின்னு சொல்லு" என்றார் வெர்ன். "பெருசா இருக்கே, அதுவும் நல்லதுதான்" என்றான் டாரல். "வேண்டாம்னு சொல்லு, அந்த அம்பயர் நம்மள அவமானப்படுத்திட்டான்" என்றது டீனாவின் குரல். ரொண்டா அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். ஒவ்வொருவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

பிறகு மகளைப் பார்த்தாள்.

"குந்து" என்றாள்.

டெலானி குந்தினாள். கவசம் முன்னால் தொங்கிக் கீழே சரிந்தது. மேலே தொண்டைக்குழி திறந்து கிடந்தது. நின்றபோது எவ்வளவு அழகாக இருந்தது! ரொண்டா மண்ணில் மண்டியிட்டு, தோள்பட்டைகளைச் சுருக்கினாள். "எழுந்திரு. மறுபடி குந்து." இப்போது ஒரு பக்கம் விலகி, இடது மாருக்கும் துணிக்கும் நடுவே அவள் கை முழுக்க நுழைந்தது. அந்தக் கையில் பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு முதுகுப்பட்டையைச் சுற்றி இழுத்துக் கொக்கியை மாட்டினாள்.

"பந்து எறியற மாதிரி கையத் தூக்கு."

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். தூக்கு. இந்தப் பக்கம் திரும்பு. இன்னொரு தடவ குந்து."

அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார். ரொண்டா இடைவெளியைத் தேடித் தேடி விரல்களை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. "இப்ப சரி" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தான்தான் என்று பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

அதன் பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு தடவை பக்கம் மாறும்போதும் மார்லிஸின் பையனிடமிருந்து கவசத்தைக் கழற்றி, பட்டைகளைச் சுருக்கி, டெலானிக்கு மாட்டிக் குந்தவைத்து எழுப்பி, பிறகு திருப்பிக் கழற்றித் தளர்த்தி அவனிடம் கொடுப்பது என்று அவளும் மார்லிஸும் வேலிக்கும் பெஞ்சுக்கும் நடுவே அலைந்தார்கள். யார் எத்தனை எடுத்தார்கள், யார் ஜெயிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

அப்படி ஒருமுறை மாட்டி அனுப்பிவிட்டு நிமிரும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எறிந்த பந்து மண்ணில் குத்தி எழும்பி டெலானியின் நெஞ்சில் பட்டது. கதவில் கைமுட்டியால் இடித்ததுபோல ஒரு சத்தம். ரொண்டாவின் வாயில் மாதாவின் பெயர் பாதியில் நின்றது.

டெலானி முன்னால் சரிந்து பந்தின் மேல் படுத்தாள். எழுந்தாள். பந்து கையில் இருந்தது. அடுத்த தளமான இரண்டாவது பேஸுக்கு ஓட எத்தனித்த எதிரணிப் பையனைப் பார்த்து, "வாடா, வந்துதான் பாரேன்!" என்று கத்தினாள். அவன் திரும்பி ஓடினான். பலகைப் படிகள் முழுக்கச் சிரிப்பு. டீனாகூடச் சிரித்துவிட்டாள். ரொண்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இரண்டும் கலந்து ஒரு தினுசான விக்கல் வந்தது.

பக்கம் மாறியதும் டெலானி நேரே வேலியோரம் வந்தாள். "அம்மா, ரொம்ப இறுக்கறே. மூச்சு முட்டுது. அடுத்த வாட்டி பட்டைய ஒரு ஓட்டை தளத்தி விடு."

"விடலாம்" என்றான் டாரல்.

"ஒரு ஓட்டை விட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் வெர்ன்.

ரொண்டா கவசத்தைக் கழற்றி, மகளின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். திடமாக, வேகமாக அடித்தது. மூச்சு முட்டுவது ஓடியதாலா, இறுக்கத்தாலா? பந்து பட்டதே, அது இறுக்கமாக இருந்ததால்தான் தாங்கியதா, தளர்ந்திருந்தாலும் தாங்கியிருக்குமா? யாரைக் கேட்பது?

"விட மாட்டேன்" என்றாள். "மூச்ச மெதுவா விடு."

சொன்னது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஜெபமாலை சொல்லும்போதும் தெரியப் போவதில்லை. மார்லிஸின் பையன் கைகளை விரித்துக்கொண்டு காத்து நின்றான். அவனுக்கு மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் "குந்து" என்றாள்.

"எங்கம்மா இதெல்லாம் சொல்ல மாட்டாங்க" என்றான் அவன்.

"இவ்வளவு நாள் நான் சொல்லல. இப்ப இவங்க சொல்றாங்கல்ல, குந்துடா" என்றாள் மார்லிஸ்.

அவன் குந்தினான். ரொண்டா அவன் தொண்டைக்குழியிலும் விரல் விட்டுப் பார்த்தாள். படிகளிலிருந்து இறங்கி வந்த டீனா ஊதா மார்புக் கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முறைப்பாக நின்றாள். "இது வேண்டாம்னு ஆயிடுச்சு. அப்ப என் கால் கவசம்? தலைக்கவசம்? அதையும் கழட்டிக் குடுத்துடு, எடுத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் டீனா. இல்ல... எடுத்துட்டுப் போ. இல்ல, இரு." ரொண்டா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியல. திங்கக்கிழமை கடைக்குப் போறப்ப நீயும் வா. மாருக்கு ஒண்ணு வாங்கணும். அங்கேயே இவளக் குந்தவெச்சு, உன்னோடதையும் சேத்துப் பாத்துடலாம்."

டீனா ஊதாக் கவசத்தைக் கக்கத்திலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "என்ன கலர் வாங்கப் போற?" என்றாள்.

ரொண்டா வாயைத் திறந்தாள். "டெலானியக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.