தேவகி எழுதுகிறாள், நான் படிக்கிறேன்

என் மனைவியின் நாட்குறிப்பை அவளுக்குத் தெரியாமல் நான் படித்துவருகிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல... மாதக்கணக்காக! நேற்றுகூடப் படித்தேன்.

இது மட்டும்தான் என் குற்றம் என்றால் உங்கள் முன் வந்து நின்றிருக்கமாட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். பொறுங்கள். முழுவதும் கேட்டுவிட்டுக் காறித் துப்புங்கள்.

எங்களுக்கு ஒரே மகன், தினேஷ். பத்தொன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கொட்டுகிற மழையில், ஈப்போவுக்குப் போகும் பெரிய சாலையில் லாரிக்கு அடியில் போய்விட்டான். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போன பிள்ளையை வெள்ளைத் துணியில் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு தேவகி பேசுவதை நிறுத்திவிட்டாள். அழுகைகூட இல்லை. சோறு பொங்குவாள், துணி துவைப்பாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்... அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் தாமான், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவுவிலை வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் வீடு மட்டும் ஊமையாகிப் போனது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னை வாசலில் மடக்கினார்.

“தம்பி, இப்படியே விட்டா சரிப்படாதுலா. தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோய்க் காட்டு.”

உள்ளேயிருந்த தேவகிக்கு அது கேட்டுவிட்டது. பல வாரங்கள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: “என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டீங்களாங்க?”

மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது; எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான். சின்ன வயதில் நாங்களும் ஒருவரையொருவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்வோம். அங்கேயும் மனிதர்களைக் குணப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது! கிளினிக்கில் இருந்த தாதி ஒருவர் வேறு வழி சொன்னார். “வாயால சொல்ல முடியலன்னா எழுதச் சொல்லுங்க அண்ணே. தெனமும் ரெண்டு வரி போதும். பழக்கமாயிருச்சின்னா மனசு கொஞ்சம் லேசாகும்.”

நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்றாள் தேவகி. யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களாம். ஆகவே கைப்பேசியில் தேடினேன். தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவன். சாப்பாட்டு நேரமெல்லாம் எனக்கு இதே வேலையாக இருந்தது. ஒரு செயலி, சிரிக்கும் முகம், அழும் முகம் என்று வரிசையாகக் காட்டி, இன்று உன் மனநிலை எது என்று கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எந்த முகத்தைத் தொடுவாள்? இன்னொன்று, தவறாமல் எழுதினால் நட்சத்திரம் தருவேன் என்றது. இன்னொன்று படம் போடு, பாட்டுப் போடு என்று பிடுங்கி எடுத்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. திறந்தால் தேதி, அதன் கீழே வெள்ளைப் பக்கம், தினமும் மாலை ஐந்து மணிக்கு மெல்லிய ஒரு மணியோசை. வேறு ஒன்றுமே இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவளுக்கு அது போதும் என்று பட்டது.

முதலில் என் போனில் போட்டு, தமிழில் எழுத வருகிறதா என்று பார்த்தேன். பிறகு அவள் போனிலும் போட்டுக் கொடுத்தேன்.

“இத வேற யாராச்சும் படிக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“சத்தியமா முடியாது தேவகி. உன் போன்ல எழுதறது உன் போன்லதான்லா இருக்கும்.”

அந்த நேரத்தில் அது பொய்யில்லை. நம்புங்கள்... இந்த ஒன்றையாவது நம்புங்கள்!

பிசகு எங்கே நடந்தது தெரியுமா? எங்கள் ஆட்கள் பலரும் செய்கிற காரியம்தான். போன் வாங்கப் போனால் மின்னஞ்சல் வேண்டும் என்பான் கடைக்காரன். தேவகிக்கு ஏது மின்னஞ்சல்? “என்னோடதையே போட்டுரு பாஸ்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவள் போன், என் போன், தினேஷின் பழைய போன் எல்லாவற்றுக்கும் என் மின்னஞ்சல்தான். ஒரே குடும்பம், இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அதனால் அவள் தன் போனில் எழுதியதெல்லாம் அப்படியே என் போனிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் போனிலிருந்து செயலியை நீக்கிவிடலாம் என்று திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

“இன்னிக்கி முருங்கக்கீரை பெரட்டினேன். அவனுக்குப் புடிக்காது. யாருக்காகச் சமைக்கிறேன்னே தெரியல.”

அந்தக் கணமே நீக்கியிருக்கவேண்டும். அவளைக் கூப்பிட்டு, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கவேண்டும். நான் செய்யவில்லை. வாய் திறக்காத மனைவியின் குரல் எனக்குக் கேட்டது. பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டு... சீ! சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், பார்த்தீர்களா? படித்தேன், ஏனென்றால் படிக்க ஆசையாக இருந்தது.

தொழிற்சாலை வேனில் வீடு திரும்பும்போது தினமும் படித்தேன். தலை வலிக்கிறது என்று எழுதியிருந்தால் வழியில் இறங்கித் தைலம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் சட்டைகளைத் தொட முடியவில்லை என்று எழுதியிருந்தால், மறுநாள் ஒன்றும் அறியாதவன்போல் அந்த அலமாரியை நானே அடுக்கிவைத்தேன். அவள் எழுதினாள்: “இவருக்கு எப்படித்தான் தெரியுதோ! சொல்லாமலே செய்யுறார்.” அதைப் படித்து எனக்கு வெட்கம் வந்ததா? இல்லை. உச்சி குளிர்ந்தது! தேவகி மெல்லப் பேசத் தொடங்கினாள். சட்டியைத் தேய்த்துக்கொண்டே ஒருநாள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இவளை மீட்டுக்கொண்டு வந்தவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தக் கேள்வி வந்தது.

தினேஷ் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, கோழிக்கறிக்கு வேண்டிய தேங்காய்ப்பாலை வாங்க மறந்திருந்தாள் தேவகி. எங்கள் பேச்சில் அதற்குச் சந்தான் என்று பெயர். அதை வாங்கத்தான் அவனை அனுப்பினாள். இனி அவள் எழுதியதைக் கேளுங்கள்.

“நாள் பூரா போனையே பார்த்துக்கிட்டுக் கெடக்கறன்னு திட்டித்தான் அனுப்பினேன். கடை இங்க முக்குலதான் இருக்கு. சந்தான் வாங்கிட்டான். மோட்டார்ல மாட்டியிருந்த பைக்குள்ள பாக்கெட்டு இருந்துச்சின்னு போலீஸ் சொன்னாங்க. அப்புறம் ஏன் வீட்டுக்கு வராம பெரிய ரோட்டுக்குப் போனான்? என்மேல உள்ள கோவத்துலதான் எங்கியோ போயிருக்கான். எம் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்.”

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். ஏன் அந்தப் பக்கம் போனான், ஏன் அந்தப் பக்கம் போனான்...

அதற்கு விடை தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். நான்!

அன்று எனக்கு ஓவர்டைம். கூட வேலை செய்யும் ஒருவன் தன் கனவில் வந்த நாலு இலக்க லாட்டரி நம்பரைச் சொன்னான். எங்கள் ஊரில் கனவு கண்டாலும் நம்பர், பாம்பைக் கண்டாலும் நம்பர், செத்த வீட்டுக்குப் போனாலும் நம்பர்தான். அன்றைக்குக் குலுக்கல். ஏழு மணிக்குள் நம்பர் கடையில் எடுத்துவிடவேண்டும். என்னால் நகர முடியாது. தினேஷை அழைத்தேன். நான் கூப்பிட்டால் அவன் எங்கே இருந்தாலும் எடுத்தாகவேண்டும், இல்லையென்றால் வீட்டில் கத்துவேன். எடுத்தான்.

“எங்கடா இருக்க?”

“சந்தான் வாங்க வந்தேன்ப்பா. அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அது கெடக்கட்டும்லா. டவுனுக்குப் போயி நான் சொல்ற நம்பர எடுத்துரு. ஏழு மணிக்கு மூடிருவான், சீக்கிரம் போ.”

“மழை வருதுப்பா...”

“நீ என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு? போடா!”

என் மகனிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். போடா என்றேன், போய்விட்டான்.

அவன் போன் சக்கரத்தில் நொறுங்கிவிட்டது. என் போனில் பதிவாகியிருந்த அந்த அழைப்பைப் பிணவறை வாசலில் நின்றபடியே அழித்தேன். யோசித்துச் செய்யவில்லை, விரல் தானாகப் போனது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்! யோசித்துத்தான் செய்தேன்.

சவத்தை வீட்டில் வைத்திருந்தபோது, கூடாரத்தின் ஓரத்தில் ஒருவன் தினேஷுடைய மோட்டாரின் எண்ணை விசாரித்துக்கொண்டிருந்தான். விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணை எடுத்தால் பரிசு அடிக்கும் என்பது இங்கே ஒரு நம்பிக்கை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். “மனுசனாடா நீ?” என்று அலறினேன். நாலு பேர் என்னைப் பிடித்து அணைத்துக்கொண்டார்கள். பெற்ற மனசு எரியாதா என்று அழுதார்கள். அந்த அணைப்பை எல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்... யாருக்கு வரவேண்டிய உதையை யாருக்குக் கொடுத்தேன்!

தேவகியின் கேள்விக்கு ஒரு வரி போதும். ‘நான்தான் டவுனுக்கு அனுப்பினேன்.’ நாட்குறிப்பைப் படித்ததை ஒப்புக்கொள்ளாமலேகூட இதைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறாள், மறுபடி உடைந்துபோவாள் என்று காரணம் வைத்திருந்தேன். அது காரணமே அல்ல. அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை அது என்னைத் தேடி வராது. இதுதான் உண்மை. என் மனைவி எரிந்துகொண்டிருந்தாள், நான் அந்த நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்த வெள்ளைப் பக்கத்திலேயே எழுதப் பார்த்தேன். அவள் போனில் தானாகத் தெரிந்துவிடும், வாயால் சொல்லவேண்டிய தொல்லை இல்லை என்று கணக்குப் போட்டேன். ‘நான்தான்’ என்றுமட்டும் எழுதினேன். அடுத்த நொடியே அழித்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாளோ என்று அன்று முழுவதும் செத்துப் பிழைத்தேன். பார்க்கவில்லை... பார்த்திருக்கக்கூடாதா!

முதலாண்டுத் திதி வந்தது. படையலுக்கு அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கவேண்டும். தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்றுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சந்தான் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள் தேவகி. வாழையிலையில் சோறு, சம்பல், பொரித்த கோழி, பக்கத்தில் ஒரு கிளாஸ் மைலோ ஐஸ். சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, உறவுக்காரர்கள் உண்டு முடித்துக் கிளம்பிய பிறகு, அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

“என்னங்க... ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.”

எனக்குத் தெரியும். அவள் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்!

“அன்னிக்கி நான் அவனத் திட்டிட்டேங்க. அதான் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான். ஒங்க புள்ளைய நான்தாங்க கொன்னுட்டேன். இவ்ளோ நாளா ஒங்ககிட்ட மறைச்சிட்டேன்.”

இதைவிட ஒரு நேரம் எனக்கு வாய்க்குமா? அவளே வந்து கதவைத் திறந்து நின்றாள். நான் செய்யவேண்டியதெல்லாம், இல்லை தேவகி, நான்தான் என்று சொல்வது மட்டுமே. பிள்ளை படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“விடு தேவகி. நீ வேணும்னா செஞ்ச? வெளாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாத.”

“என்னை மன்னிச்சிட்டீங்களாங்க?”

“மன்னிச்சிட்டேன்லா. அழாத.”

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்! கொன்றவன், குற்றமில்லாதவளை மன்னித்தான்! அவள் குனிந்து என் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால்களை நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து படையல் சோற்றைச் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அன்று மாலை எழுதியிருந்தாள். “அவர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு வார்த்தை திட்டல. இந்த மாதிரி மனுசன் யாருக்குக் கெடைப்பாரு.”

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் எழுதுகிறாள். தாதி சொன்ன பழக்கம் அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது, படிக்கிற பழக்கம். செயலியை நீக்க ஒரு விரல் போதும். நீக்க மாட்டேன் என்கிறேன். என்றாவது ஒருநாள் அவளாகவே உண்மையைக் கண்டுபிடித்து அதில் எழுதமாட்டாளா, எனக்குரிய வசவை நான் படிக்கமாட்டேனா என்று தேடுகிறேன் போலிருக்கிறது. எழுதுவதெல்லாம் என் புகழ்தான். இவர் இன்னிக்கி எனக்கு வளையல் வாங்கிட்டு வந்தார். இவர் சாப்பிட்டாரான்னு தெரியல. இவர் ரொம்ப எளைச்சிட்டார்...

இப்போதாவது போய்ச் சொல் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லமாட்டேன். உங்களிடம் சொன்னதே நீங்கள் அவளைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான்.

நேற்று வேனில் வரும்போது படித்தது இது: “அடுத்த பொறவியிலயும் இவரே எனக்குப் புருசனா வரணும். தினேஷ் மறுபடியும் எங்க ரெண்டு பேருக்கே புள்ளையா வந்து பொறக்கணும். தெனமும் அதான் வேண்டிக்கிறேன்.”

வேண்டாமடா தினேஷ். அம்மா கூப்பிட்டாலும் வராதே... நீ வேறு யாருக்காவது பிறந்துகொள்!