சைவ வீட்டில் பன்றிப் புழு

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி கேண்டீனில் வலிப்பு வந்து விழுந்தாள். மூளை ஸ்கேன் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார் தமிழ் பேசும் டாக்டரம்மா. "பன்றி நாடாப்புழுவோட முட்டை உள்ள போயி உண்டான கட்டி. வலிப்புக்கு இதான் காரணம்."

என் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், நாங்க ப்யூர் வெஜிடேரியன் லா. ஃபேரர் பார்க்ல எங்க வீட்டுக்குள்ள மீன் வாசனைகூட வந்ததில்ல."

எதையும் ஏன், எப்படி என்று குடையாமல் விடுகிற ஆள் இல்லை நான். அழுகை முட்டிக்கொண்டு நின்றபோதும் கேட்டேன்: "சாப்பிடாத பன்றியோட புழு எப்படி டாக்டர் தலைக்குள்ள போகும்?"

சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவரின் குடலில் புழு வளருமாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. கழிப்பறைக்குப் போய்வந்து கையைச் சரியாகக் கழுவாவிட்டால், முட்டை விரலோடு வந்து அடுத்தவர் சோற்றில் ஏறிவிடும். அங்கிருந்து வயிறு, ரத்தம், மூளை. சாப்பிடுகிறவர் சைவமா அசைவமா என்று அது கேட்பதில்லை.

"பிள்ளைக்கு யாரு கையால ஊட்டுறாங்க?"

"நான்தான்," என்றார் கணவர், பெருமையாகவே. ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து அவர் உருட்டிக் கொடுத்தால்தான் அவளுக்கு இறங்கும்.

வீட்டில் எல்லாருக்கும் மலப் பரிசோதனை என்றதும் முறுக்கிக்கொண்டார். "எனக்கா? பன்றிப் புழுவுக்கா?"

"மானத்துக்குப் பயமா, ரிசல்ட்டுக்குப் பயமா?" என்றேன், சும்மா சீண்டத்தான். அவர் பரிசோதனை டப்பாவை வாங்கிக்கொண்டார்.

பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: வெளிநாட்டு சைட்டில் வேலை பார்த்தபோது, கூட்டாளிகளோடு, நெருப்பில் வாட்டிய பன்றிக்கறி. கத்தத்தான் வாயைத் திறந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்று வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார், அழுதுகொண்டே. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த கோலம் நினைவுக்கு வந்து, அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அவர் குடல் மாத்திரையில் சுத்தமாகிவிட்டது. மகள் இன்னும் வலிப்பு மருந்து சாப்பிடுகிறாள். கட்டி சுருங்கி வருகிறது, பிறகு மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இனி தாராளமாக ஊட்டலாம் என்றும் அவரிடம் சொன்னார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகள் வாயைத் திறந்தாள். "அப்பா, ஆ."

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். எழுந்து போய் மறுபடியும் கழுவினார். கடைசியில் ஸ்பூனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஸ்பூன்ல நல்லா இல்லப்பா," என்று சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.