பனியைத் துளைக்கும் பூ

மில்லில் வேலை போன பிறகு ஆதிமூலத்துக்குக் கிடைத்தது தோட்டவேலை. மிஷன் வீதிக்குப் பக்கத்தில் மதாம் சுலோசனா வீட்டில் பத்து வருஷம் பார்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரின் மனைவி அந்த அம்மா. புருஷன் இறந்த பிறகு தனியாக இருந்தார். ஒரே மகள் பிரான்சில்.

1978 ஐப்பசியில் மகளிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே சின்ன வெங்காயம் போல இருபது கிழங்குகள்.

"இதும் பேரு பெர்ஸ்-நேஜ்," என்றார் மதாம். "பனியத் தொளச்சிக்கிட்டு வர்றதுன்னு அர்த்தம். தரையெல்லாம் பனி மூடிக் கெடக்கும்போதே பூத்துடும். வெள்ளையா, தல குனிஞ்சி நிக்கும். கல்யாணமாகி பிரான்சுக்குப் போன மொத வருஷம் அவரு எனக்குக் காட்டினது."

ஆதிமூலம் அறிந்த பனி, மார்கழியில் புல்லை நனைக்கும் பனிதான். கிழங்குகளைத் தொட்டிகளில் நட்டு, மார்கழி முழுக்க மாடிக்கு ஏற்றிப் பனியில் வைத்தார். தை பிறந்ததும் மூன்று தொட்டிகளில் பச்சை முளை தெரிந்தது. மதாம் நாற்காலியைத் தொட்டிகளுக்கு அருகிலேயே போட்டுக்கொண்டார்.

முளை அதற்குமேல் எழும்பவில்லை.

"இந்தப் பனி பத்தாது ஆதிமூலம். அங்க ஐஸு மாதிரி கொட்டும்," என்றார் மதாம், பேச்சோடு பேச்சாக.

மறுநாள் காலை ஆதிமூலம் வைத்திக்குப்பம் போய், மீன் விற்கும் மச்சான் வடிவேலிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கிவந்து தொட்டிகளில் பரப்பினார். மதாமிடம் சொல்லவில்லை; பூத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தார். ஐந்தாம் நாள் முளைகள் கருகின. தோண்டினால் கிழங்கெல்லாம் கூழ்.

"மீனு கெடாம இருக்க ஐஸுல உப்பு கலந்துதான மாமா வெப்போம்," என்றான் வடிவேல், போய்க் கேட்டபோது.

உண்மையைச் சொல்லத்தான் ஆதிமூலம் மதாமிடம் போனார்.

"வுடு. இந்த மண்ணு அதுக்கு ஒத்துக்கல," என்றார் அவர், தொட்டியைப் பார்த்தபடி. "எனக்கும் இனிமே இங்க என்ன இருக்கு?"

ஆதிமூலம் ஐஸ் விஷயத்தைச் சொல்லாமலே தொட்டிகளைக் கீழே இறக்கினார். மகளிடமே போய்விடுவதென்று மதாம் அந்த மாதம்தான் முடிவெடுத்தார். சித்திரையில் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார். கார் ஏறும்போது, "நீ நல்லாதான் பாத்துக்கிட்ட," என்றார். ஆதிமூலம் கார்க் கதவைச் சாத்தினார்.

மதாம் இறந்த செய்தியை 1984-இல், பிரான்சில் மதாமின் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, லீவில் ஊர் வந்த தேவதாஸ் கொண்டுவந்தார். கடைசிவரை ஊர் நினைப்பாகவே இருந்தாராம். ஆதிமூலம் அன்றுதான் ஐஸ் விஷயத்தை ஒருவரிடம் சொன்னார்.

"எப்படி வெச்சாலும் நம்மூரு வெயிலுக்கு அது பூக்காதுங்க. உங்க மேல தப்பில்ல," என்றார் தேவதாஸ்.

"பூக்காதுதான். ஆனா அவங்க பழிய இந்த மண்ணு மேலதான போட்டுட்டுப் போனாங்க. நான்தான் கெடுத்தேன்னு சொல்லியிருந்தா, என்னத் திட்டிட்டு இங்கியே இருந்திருப்பாங்க."

ஆதிமூலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.