அத்தான் வாயைத் திறக்காத நாள்

சீசன் நேரத்தில் ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவர்களுக்கு என் அக்கா புருஷன் மாடக்கண்ணுவைத் தெரிந்திருக்கும். நூறு கிலோ ஆளையும் ஒரே புரட்டில் குப்புறப் போடுவார். "ஒடம்ப இப்பிடியா வச்சிருக்கது?" என்று முன்பின் தெரியாதவரையும் அதட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

போன சீசனில் உடைந்த பாட்டில் காலில் குத்தியது. மஞ்சளை அப்பிக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்த்தார். சொன்னால் கேட்கிற ஜென்மமா? காய்ச்சலில் மயங்கி விழுந்தபோது கிருமி ரத்தத்தில் பரவிவிட்டிருந்தது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐசியு. கிட்னி நின்றுபோய்த் திரும்பவும் வேலை செய்தது. கிருமியும் அடங்கியது, மனுஷர்தான் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் ஓட்டை போட்டு மெஷின் மூச்சு. கை கால் குச்சியாகிவிட்டது. நாற்பது நாளாகியும், கூப்பிட்டால் கண் எங்கேயோ பார்த்தது.

"இன்னும் நாளாகும்னுதான டாக்டர் சொல்லுதாரு," என்று அக்கா முத்துவடிவு பிடிவாதமாக இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், உறவுக்காரர் கையால் பால் ஊற்றுவோம். நிம்மதியாகப் போகும் என்று நம்பிக்கை. நல்லது செய்வதாக நினைத்துத்தான், நாற்பத்தொன்றாம் நாள் பார்க்க விடுகிற ஐந்து நிமிஷத்தில், சட்டைப்பையில் சின்ன பாட்டிலில் பாலும் ஒரு கரண்டியும் கொண்டு போனேன்.

"கஷ்டப்பட்டது போதும் அத்தான்," என்று கரண்டியை உதட்டருகே நீட்டினேன். அவர் கண் பாலைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. வாய் இறுக மூடிக்கொண்டது. நான் நெருக்கினேன். தலையை அந்தப் பக்கம் திருப்பினார், ஒரு விரற்கடை.

"என்ன செய்யுதீங்க!" நர்ஸ் நூர்நிஷா கரண்டியைப் பிடுங்கினாள். "நுரையீரலுக்குள்ள போனா என்னாகும்?" திட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இப்ப அவராவா தலையத் திருப்புனாரு?"

அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் வெளியே வந்து அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அடித்தாள். அடிக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறமும் மெஷினை விட ஒரு மாதமானது. இன்றைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு அரைமணி என்று பழக்கினார்கள். உட்கார வைக்கவே மூன்று பேர் வேண்டியிருந்தது. தொண்டைக் குழாய்க்குப் பேசுவதற்கான மூடி போட்ட அன்று சுற்றி நின்றோம். குரல் காற்றாய் வந்தது. அக்காவைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், என்னைத்தான் கூப்பிட்டார்.

"மாப்ளே... அன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டுதாம்லே கெடந்தேன்."

காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.